மேட்டேறி வாதாடிய பலகை

தான் எழுதிய எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு ஒரு கரடி மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போனது என்று வனப்பூங்காவின் பலகைக்காரி டீக்கடையில் வைத்துச் சொன்னாள். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. கரடி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; இரண்டு தரம் படித்தது, தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே போனது, அவ்வளவுதான். மற்றவை நடந்தபடியே இங்கே சொல்லப்படுகின்றன.

ஆரம்பத்தில் அவள் பலகைகள் பரம சாதுவாக இருந்தன. "ஆற்றில் இறங்குவதைத் தவிர்க்குமாறு பார்வையாளர்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அலுவலகம் கொடுத்த வாசகத்தை அப்படியே எழுதுவாள். அன்பை யார் மதிக்கிறார்கள்? பலகையில் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள், அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு சாவகாசமாக ஆற்றில் இறங்கினார்கள். அந்த ஆறோ லேசுப்பட்டதல்ல. இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். எங்கோ மலையுச்சியில் பெய்த மழை, சொல்லாமல் கொள்ளாமல், மரக்கட்டைகளையும் உருட்டிக்கொண்டு வந்து சேரும். மீட்புக் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் காவலர்கள் அலைந்தார்கள்.

பெயின்டைப் பேசிக்கொண்டே கலக்குவது அவள் பழக்கம். பேச்சு நின்றால் பெயின்ட் கட்டிதட்டிவிடும் என்பது அவள் கணக்கு. ஒருநாள், பூங்காவின் ஜீப்பை ஓட்டும் அவள் கணவன் வழுக்குப்பாறையில் ஏறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நின்றான். 'ஏறாதே' என்று அந்தப் பாறையில் எழுதியவளே அவள்தான். காலையிலிருந்து மதியம்வரை அவனைத் திட்டித் தீர்த்தபடியே ஒரு டின் சிவப்புப் பெயின்டைக் கலக்கினாள். அதில் எழுதியதும் அதே அன்பான வாசகம்தான். ஆனால் படித்தவர்களுக்கு வேறு தெரிந்தது. அவரவர் யாருக்கு அடங்குவாரோ அவருடைய வார்த்தை தெரிந்தது. ஒரு பயில்வான், "அங்க என்ன வேலை மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்பதைப் படித்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கரையேறினார். ஒரு வங்கி மேலாளர், ஒன்றாம் வகுப்பு டீச்சரின் உத்தரவைப் படித்து அங்கேயே முட்டி போட்டார். அவரை எழுப்பி அனுப்புவதற்குள் காவலர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புதுமணத் தம்பதிகள் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த ஆறு ஒரு செருப்பைக்கூடக் கொண்டுபோகவில்லை. மீட்புக் கயிற்றில் காவலர்கள் துணி உலர்த்தினார்கள்.

நம்பாத ஒரே ஆள் அவள் கொழுந்தன். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்ப்பவன். மீட்டரில் ஓடாத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதால் வீட்டில் அவன் பெயரே மீட்டர். விடுமுறை என்றால் மனைவியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் ஆற்றின் நடுப்பாறையில் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

"வெறும் எழுத்துதான் தெரியுது அண்ணி. ஒரு துணைக்கால் நீளமாப் போயிடுச்சு, பாத்துக்கங்க."

"வேற ஒண்ணுமே தெரியலையா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"என் குரல்கூடவா கேக்கல?" என்றாள் அவன் மனைவி.

"வீட்லயே கேக்கறதில்ல. காட்டுல எங்க கேக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பலகைக்காரிக்கு மட்டும் விஷயம் புரிந்தது. யார் பேச்சையும் கேட்காதவனிடம் யார் குரலில்தான் பேசுவது என்று பலகை திணறுகிறது. திணறி முடிப்பதற்குள் ஆறு வந்துவிட்டால்? அந்தப் பாறைக்கு எதிரே கரையிலிருந்த பலகையை மட்டும் அழித்து அழித்து எழுதினாள். கெஞ்சிக் கலக்கினாள், மிரட்டிக் கலக்கினாள், டின்னுக்குள் கண்ணீர் விட்டும் பார்த்தாள். அவன் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தான். கடைசியில் கலக்குக் கட்டையை அவன் கையிலேயே திணித்தாள்.

"நீயே கலக்கு. யார் சொன்னா கேப்பியோ அவங்க மாதிரி பேசிக்கிட்டே கலக்கு."

"நான் சொன்னாத்தான் நான் கேப்பேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவளைச் சீண்டுவதற்காகவே டின் முழுக்கக் கலங்கும்வரை தன்னிடமே பேசித் தள்ளினான். அந்தப் பெயின்டில் அவள் அதே பலகையை மறுபடி எழுதினாள்.

அடுத்த விடுமுறையில், நல்ல வெயில் நேரத்தில், மேட்டில் கம்பத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பலகைக்காரி ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நடுப்பாறையில் மீட்டர். அவள் கத்தினாள், அவன் மனைவி கத்தினாள். "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தே இருந்தான். அப்போது கரையிலிருந்த பலகையில் எழுத்து மாறியது.

'எழுந்திருடா மடையா.'

"யாரடா மடையன்ங்கற?" என்று அவன் எழுந்தான். பேச்சு அச்சு அசல் தன்னுடையது என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

'உன்னத்தான். தண்ணி கலங்குது, கண்ணு அவிஞ்சா போச்சு?'

"மழையே இல்ல, எப்படிக் கலங்கும்?"

பலகை அதற்கும் பதில் எழுதியது, ஆனால் பொடி எழுத்தில். படிக்க அவன் கரைக்கு வரவேண்டியிருந்தது. கிட்டே வந்ததும் பலகை தன் இரண்டு கால்களையும் மண்ணிலிருந்து பிடுங்கி, ஓர் அடி பின்னால் வைத்து, அடுத்த பதிலை இன்னும் பொடியாக எழுதியது. வாதத்தில் அவன் இதுவரை தோற்றதில்லை. பலகையும் அவனே என்பதால் அதுவும் விடுவதாயில்லை. அவன் விரலை நீட்டிக்கொண்டு முன்னால் போக, அது பின்னாலேயே மேட்டில் ஏற, புதரையும் வேரையும் தாண்டி இருவரும் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது, முதுகுக்குப் பின்னால் லாரிக் கூட்டம் போல ஓர் இரைச்சல் கேட்டது. மீட்டர் திரும்பினான். நடுப்பாறை இருந்த இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு உருண்டுகொண்டிருந்தது. நீட்டிய விரலை மடக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

பலகை கீழே இறங்க மறுத்துவிட்டது. எனவே நிர்வாகம் ஆற்றங்கரை வேலியை மேட்டுக்கே மாற்றிக்கொண்டது. மீட்டர் மட்டும் மசியவில்லை.

"வெள்ளம் வந்தப்ப நான் தற்செயலா மேல இருந்தேன். அவ்ளோதான்."

"உங்களுக்கு முன்னாடி பலகையும் தற்செயலாத்தான் ஏறிச்சாக்கும்?" என்று அவன் மனைவி கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள்.

சில ஆண்டுகள் கழித்து, விடுமுறைக்கு வந்த மீட்டரும் மனைவியும் பலகைக்காரியோடு மேட்டில் நின்றிருந்த ஒரு பிற்பகலில், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிய ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலியருகே வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் எழுத்துதானேங்க இருக்கு?"

பலகைக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழே தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. அவள் எல்லாக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பலகை நடந்துச்சா? யாரும்மா பாத்தது?" என்று கேட்டபடியே ஒரு காலை வேலிக்கு அந்தப்பக்கம் வைத்தார்.

அவள் மீட்டரைப் பார்த்தாள். மீட்டர் ஆற்றைப் பார்த்தான், அவர் பிள்ளைகளைப் பார்த்தான், தன் மனைவியை மட்டும் பார்க்காமல் தவிர்த்தான். பிறகு அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான்.

"நான் பாத்தேங்க" என்றான். "என்னைய மடையன்னு திட்டிக்கிட்டே ஏறுச்சு. நடந்துச்சுங்க, சத்தியமா நடந்துச்சு."