மேலத்தெரு வழியாக

காத்தானுக்குக் கல்யாணம் ஆகி அன்றைக்கு நாலாம் நாள். பெண்டாட்டி அம்சத்தை முதன்முதலாகத் தன் ஊருக்கு அழைத்துப்போகிறான். வேதாரண்யத்தில் பஸ் ஏறினால் உச்சிவெயிலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அவனுடைய அம்மா எல்லையம்மாளும் சொந்தக்காரர்களும் டிரங்குப் பெட்டி, பாய், குத்துவிளக்கோடு அப்படித்தான் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் சைக்கிள்தான் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான்.

"அம்சம் கோடியக்கரை லைட்டவுசைப் பாக்கணுங்குது. அப்படியே கடலோரமா சுத்திப் பாத்துட்டு மெதுவா வந்துர்றோம்" என்றான்.

அம்சம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். புது மாப்பிள்ளையின் ஆசையாக்கும் என்று சிரித்துக்கொண்டே கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் காத்தானுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இருட்டிய பிறகுதான் அவளோடு ஊருக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஒரு முழுப் பகலை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அவன் ஊரில் மெயின் ரோட்டிலிருந்து கீழத்தெருவுக்குப் போக, மிராசுதார்கள் இருக்கிற மேலத்தெருவைத் தாண்ட வேண்டும். கீழத்தெருக்காரன் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு போகக் கூடாது. முனையிலேயே இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, மறுகோடி வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். அறுபத்தேழில் ஆட்சி மாறி மூன்று வருஷமாகிவிட்டது, கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது, களத்தில் நின்று கூலிநெல்லைக் குரல் உயர்த்திக் கேட்டு வாங்குகிறார்கள். சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஊர் பழையபடியே இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அம்சத்தின் ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம். மைக்கைப் பிடித்தால் காத்தான் வேறு ஆள். "எங்க ஊரு மேலத்தெருவுல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே போறேன். மணி அடிச்சுக்கிட்டே போறேன். என்னைய எறங்கச் சொல்ல ஒருத்தனுக்கும் தெகிரியம் இல்ல" என்று ஒரு போடு போட்டான். கைதட்டல் ஓய நேரமாயிற்று. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்சம், அதுவரை வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் தட்டிக்கழித்துவிட்டு, "அந்தச் சைக்கிள்காரருன்னா சரி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

நிஜத்தில் காத்தான் ஒரு நாள்கூட அந்தத் தெருவில் மிதித்ததில்லை. தள்ளிக்கொண்டு போகவும் மானம் இடம் கொடுக்கவில்லை. வாய்க்கால் கரையோடு ஒரு மைல் சுற்றி, சேற்றிலும் முள்ளிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்பக்கமாக வீடு போய்ச் சேருவான். மைக்கில் சொன்னது பச்சைப் பொய். இருட்டிவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி அம்சத்தையும் அந்த வழியிலேயே அழைத்துப்போய்விடலாம் என்பது அவன் கணக்கு.

கோடியக்கரைக்குப் போனபோது வெயில் ஏறவில்லை. காட்டோரம் நின்ற மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. கலங்கரை விளக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேதாரண்யம் திரும்பி, வடக்கே கடலோரப் பாதையைப் பிடித்தார்கள். பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு பர்லாங்கு மிதித்தால் ஒரு பர்லாங்கு மணலில் இழுக்க வேண்டும். சவுக்குத் தோப்பு, தாழம்புதர், அதற்கு அப்பால் ஆளரவமே இல்லாத கரை. எங்கேயாவது ஒரு கட்டுமரம் காய்ந்துகொண்டு கிடக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது.

புஷ்பவனத்தில் நுங்கு வாங்கித் தின்றார்கள். அம்சம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அலையில் போய் நின்றாள். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அவன் முதுகில் தட்டினாள்.

"என்ன இப்புடி ஊர்றீங்க. மேலத்தெருவுல மிதிக்கிற மாதிரி மிதிங்க. இன்னைக்கு அந்தத் தெருவுல என்னையும் ஒக்கார வெச்சு ஓட்டணும், ஆமா. மணி அடிக்க மறந்துராதீங்க."

"ம்" என்றான் காத்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தான். நாலு தடவையும் "தாகமா இருக்கா?" என்றுதான் வந்தது. அவள் நாலு தடவையும் இல்லை என்றாள்.

வேட்டைக்காரனிருப்புக்கு அந்தப் பக்கம், மூன்று மணி வாக்கில், ஒரு சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பாதை வளைந்தது. வளைவில் எதிரே ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சரிகைக்கரைத் துண்டு, விரித்த குடை, நல்ல கனத்த உடம்பு. காத்தான் எதையும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்பே கால் தரைக்கு வந்துவிட்டது. இறங்கிய வேகத்தில் சைக்கிள் சாய்ந்து அம்சம் கப்பிக்கல்லில் போய் விழுந்தாள். அவளைத் தூக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு கை சைக்கிளைப் பிடித்திருக்க, இன்னொரு கை மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தது. தலை தானாகக் குனிந்துவிட்டது.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு விழுந்து கெடக்கு, நீ பாட்டுக்கு நிக்கிற" என்று வந்தவர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். அம்சம் தானே எழுந்துகொண்டாள். அவர் காத்தானை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காகவா எறங்குன? நல்ல ஆளுய்யா. நான் சமையக்காரன், துரைராசு. இந்த வேட்டி சட்டையெல்லாம் நேத்து கல்யாண வீட்டுல வெச்சுக் குடுத்தது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர், அம்சத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காத்தான் சைக்கிளைத் தள்ள, இரண்டு பேரும் நடந்தார்கள். அம்சத்தின் முழங்கால் சிராய்த்து, சேலையில் ரத்தம் கசிந்திருந்தது. காத்தானுக்குக் கடலில் போய் விழுந்துவிடலாம் போல இருந்தது.

"அந்தத் தெருவுல எத்தன தடவ மிதிச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு தடவையும் இல்ல."

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்க மாமா வீரையன் நாகப்பட்டணத்துலேருந்து வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு வந்துச்சு. மேலத்தெருவுல எறங்காம வந்துருச்சு. சைக்கிளத் தலையில தூக்கி வெச்சு, தெருவ மூணு நடை நடக்க வெச்சாங்க. செயின்லேருந்து எண்ணெய் கண்ணுல வழிஞ்சுது. தொடைக்கக் கையி இல்ல. நான் அழுதுக்கிட்டே பின்னாடி ஓடுனேன். மாமா அதுக்கப்பறம் சைக்கிளத் தொட்டதே இல்ல."

அம்சம் நின்றுவிட்டாள்.

"இத மைக்குல சொல்லியிருக்கலாமே. இதுக்கும் நான் உங்களத்தான் கட்டியிருப்பேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மாமா பட்டதை மேடையில் சொல்லாமல் மூடிவைத்துவிட்டு, தன்னிடம் இல்லாத வீரத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறான். அந்தக் கைதட்டை நினைத்தாலே இப்போது உடம்பு கூசியது.

"இருட்டட்டும்னுதான் காலையிலேருந்து சுத்துனீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப கெளம்புங்க. வெளிச்சம் இருக்கும்போதே போயிரணும்" என்று அவள் கேரியரில் ஏறிக்கொண்டாள். திருப்பூண்டி ரோட்டில் ஏறியபோது எதிர்க்காற்று. காத்தான் மூச்சு வாங்க வாங்க மிதித்தான்.

ஊர் முனைக்கு வந்தபோது பொழுது இன்னும் விழவில்லை. இடதுபக்கம் வாய்க்கால் கரை. நேரே மேலத்தெரு. மிதித்துக்கொண்டே போய்விடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் உறுதி பண்ணிக்கொண்டுதான் வந்தான். முனை வந்ததும் கால் இறங்கிவிட்டது. வேட்டியும் அவிழ்ந்துவிட்டது. அவமானத்தில் காது சுட்டது. அம்சம் இறங்கட்டும் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க எறங்கிட்டீங்க, சரி. நான் எறங்க மாட்டேன்" என்றாள் அம்சம். "எனக்கு முட்டி வலிக்குது. தள்ளுங்க. நேரா தள்ளுங்க."

தள்ளினான். காத்தான் குனிந்தபடி முன்னால், அம்சம் நிமிர்ந்தபடி பின்னால். வேட்டி தெருப்புழுதியைக் கூட்டிக்கொண்டு வந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் செம்பும் கையுமாக நின்றார்கள். ஆண்களில் யாரோ தொண்டையைக் கனைத்தார். கீழத்தெருப் பெண் ஒருத்தி அந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டு போவதை அவர்கள் பார்த்ததே இல்லை.

பெரிய வீட்டு மிராசுதார் வாசலில் ஈசிச்சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மாமாவின் தலையில் சைக்கிளை ஏற்றச் சொன்னவர் அவர்தான். முடி முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏண்டா காத்தான், வண்டி பஞ்சரா?"

கேட்ட விதத்திலேயே அவன் தப்பிக்க ஒரு வழியும் வைத்திருந்தார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதுப் பெண்ணுக்கு அடி, வண்டி பஞ்சர், பாவம் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். 'ஆ' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கவாட்டில் பார்த்தான். சேலையில் அந்த ரத்தக் கறை காய்ந்து கறுத்திருந்தது.

"இல்லீங்க. காத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பழக்கமாயிருச்சு, அதான் எறங்கிட்டேன்."

மிராசுதார் அம்சத்தைப் பார்த்தார். "அது ஏன் எறங்கல?"

"அதுக்குப் பழக்கம் இல்லீங்க" என்றான் காத்தான்.

அந்த இடத்திலேயே ஏறி மிதித்திருக்கலாம். அவனும் அதை நினைத்தான். கால் பெடலுக்கு ஏறவில்லை. அதனால் மறுகோடி வரை தள்ளிக்கொண்டேதான் போனான். முதுகில் அத்தனை கண்களையும் வாங்கிக்கொண்டு, வெட்கத்தோடு, நேர்வழியில் போனான்.

கீழத்தெரு முனையில் எல்லையம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். அம்சம் அங்கேதான் இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நாளைக்கு மெயின் ரோட்டுக் கடை வரைக்கும் சைக்கிள்ல போவணும். காலையிலேயே போயிரலாம்."

எந்த வழியாக என்று காத்தான் கேட்கவில்லை.