கெளுத்திக்குப் பெயர் சொன்னவர்

கல்லூரி ஆய்வுக்காகக் கிளியூர் ஓடையில் பிடித்த மீன்களை ஸ்பிரிட் பாட்டில்களில் போட்டிருந்தேன். உள்ளே போடும் பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மடத்தனமாகப் பேனாவால் எழுதிவிட்டேன். மை கரைந்து ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

காபித் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு அவ்வழியே வந்த உள்ளூர்க்காரர் பூவாயி, பாட்டில்களைத் தூக்கிப் பார்த்துப் பெயர்களை மளமளவென்று சொன்னார். ஒன்றில்கூடத் தயங்கவில்லை. அசந்துபோனேன்.

"இது கெளுத்திங்க."

"அறிவியல் பேரும் அதுலருந்து வந்ததுதாங்க, கெலிட்டியஸ். அந்தக் காலத்துல நம்மாளுங்க சொன்னதை வெள்ளைக்காரங்க லத்தீன்ல எழுதி வெச்சுட்டாங்க" என்றேன்.

"ஏனுங்க, சொன்னவங்க பேரை எழுதலீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. புதுச் சீட்டில் மீனின் பெயரைப் பென்சிலால் எழுதினேன். அதன் கீழே அழுத்தி எழுதினேன்: 'சொன்னவர், பூவாயி, கிளியூர்.'