வடக்கு வாசல்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காரணம் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன், லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.

இருவரும் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஒரே ஆட்டம் ஆடுகிறவர்கள். மதில் எழுப்பி, படை திரட்டி, நாடு பிடிக்கிற ஆட்டம். அதில் சின்னவன் பெரியவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. குடும்பத்தில் அவர் தலையில் இருந்த ஒரே கிரீடம் அதுதான். இப்போது பாருங்கள், அந்தச் சின்னவன் அதே ஆட்டத்துக்கு ஒரு மாட் செய்து இணையத்தில் விட்டுவிட்டான். மாட் என்றால், கடையில் வாங்கிய சட்டையில் நாமே தைத்துக்கொள்கிற பை மாதிரி. இவன் தைத்தது புதிதாக ஓர் எதிரி ராஜாவை.

"ஒரே வாரத்துல நாற்பதாயிரம் பேர் எடுத்திருக்காங்களாம்" என்றாள் மனைவி. "நீங்க இன்னும் போட்டுப் பாக்கலையா?"

"கூட்டம் சேந்தா சரக்கு நல்லாருக்குன்னு அர்த்தமா?"

சொல்லிவிட்டாரே தவிர, குற்றம் கண்டுபிடிக்காமல் வயிற்றெரிச்சல் அடங்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இறக்கினார், பிரித்தார், ஆட்டத்தின் மாட் ஃபோல்டரில் போட்டார். பட்டியலைத் திறந்தால் அது இல்லவே இல்லை! வயிறு குளிர்ந்தது. 'வேலையே செய்யவில்லை. ஒரு நட்சத்திரம்' என்று தட்டத் தொடங்கினார்.

"என்னங்க, ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர் இருக்கே" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல். "உள்ள இருக்கறதத்தான் வைக்கணுமாம். முக்காவாசிப் பேர் இதே தப்பத்தான் பண்றாங்கன்னு தங்கச்சி சொன்னா."

காது மடல் சிவக்க, உள்ளே இருந்ததை எடுத்து வைத்தார். வந்துவிட்டது.

ஆடினார், தோற்றார். மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் எதிரி ராஜா வில்லாளிகளை மேட்டில் நிறுத்திவிட்டு, குதிரைகளைச் சதுப்பு நிலத்தில் இறக்கினான். மவுஸில் இருந்த கை நின்றுவிட்டது. புத்தியுள்ளவன் எவன் சதுப்பில் குதிரையை விடுவான்? இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

"அடப்பாவி, இது நானு!"

மாட் இறக்கிய இணையப் பக்கத்துக்குப் போனார். கீழே கருத்துகள் குவிந்து கிடந்தன. 'இந்த ராஜாவை வீழ்த்தவே முடியாது. செய்தவனுக்கு என்ன மூளை!' எரிச்சல் இரட்டிப்பாயிற்று. மூளை இவருடையது, மாலை அவனுக்கு.

ஆனால் அந்த ராஜாவின் ஓட்டை எது என்று அவருக்குத் தெரியும். சதுப்பில் இறங்கும் அந்தக் கொஞ்ச நேரம், வடக்கு வாசலில் காவல் இருக்காது. பத்து வருஷமாக அவர் செய்கிற தப்பு. சின்னவன் கவனித்ததே இல்லை, கவனிக்காமலே அப்படியே தைத்துவிட்டான். நான்காம் ஆட்டத்தில் ஐம்பது குதிரைகளை அந்தப் பக்கம் அனுப்பினார். கோட்டை விழுந்தது.

'வடக்கு வாசல் வழியாக' என்று கருத்துப் பெட்டியில் எழுதினார். அனுப்பினால் ராஜாவை முதலில் வீழ்த்தியவர் அவர்தான். அவன் மாலை வாடிவிடும். விரல் தயங்கியது. நாற்பதாயிரம் பேர் வரிசை கட்டி அவருடைய வடக்கு வாசலில் நுழைவது கண்ணுக்குத் தெரிந்தது.

அழித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே! போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுமார்."

"ராஜா யாருன்னு தெரிஞ்சுதா?"

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? இங்க பாரு, வடக்கு வாசல்ல நூறு பேர நிறுத்து. இன்னைக்கே. தொறந்து போட்டிருக்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஐயோ, ஆமாண்ணே... ராஜாவுக்கு உங்க பேரையே வச்சிடட்டுமா?"

"பேரெல்லாம் எதுக்கு" என்று வைத்துவிட்டார்.

அரை நிமிஷம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."