பல்லின் அளவுக்கு ஒரு குழி

துளைக்கும்போதே பல் வெடித்துச் சிதறியது. சாரங்கா அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சிதறிய துண்டுகளையும் பொறுக்கி அரைத்து, தூள் முழுவதையும் குழாய்க்குள் வழித்துப் போட்டாள்.

பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கும் பிராங்பேர்ட் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடிச் சமூகம் ஒன்று அந்த நாய்ப்பல்லை அனுப்பியிருந்தது. ஐரோப்பியர் போய் இறங்குவதற்கு முன் அங்கே மனிதரோடு வாழ்ந்த நாய்களின் வம்சம் அநேகமாக அற்றுப்போய்விட்டது. இன்றைய நாய்களில் அதன் சுவடு மிகக் கொஞ்சம். தங்கள் முன்னோர் வளர்த்தது அந்த வம்சத்து நாய்தானா என்று அறிய அவர்களுக்கும் ஆசை. ஒரே நிபந்தனை, ஒருமுறைதான் துளைக்கலாம். மீதிப் பல் திரும்பி வரவேண்டும், எடுத்த இடத்திலேயே புதைப்பார்கள்.

முதல் துளையில் ஒன்றும் தேறவில்லை. இன்னொருமுறை துளைக்கக் கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமலே இரண்டாவது முறை துளைத்தாள். அப்போதுதான் பல் சிதறியது. சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் அல்லவா!

சில வாரங்களில் முடிவு வந்தது. துளியும் கலப்பில்லாத பழைய வம்சம். கூட வேலை செய்யும் யூலியா கேக் வாங்கி வந்தாள். சாரங்கா தன் துண்டைத் தொடாமலே கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து, கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மா குணேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாய்ப்பல்தானே என்றும் சொல்லிப் பார்த்தாள்.

அம்மா திரும்பாமலே கேட்டாள். "அப்பான்ரை சாம்பலைக் கையிலை தர ஏலாது எண்டு இவங்கள் சொல்லேக்கை, ஒரு பிடியாவது தாங்கோ எண்டு அழுதது ஆர்?"

இந்த நாட்டுச் சட்டம் அப்படி. சாம்பல் நேரே மயானத்துக்குத்தான் போகும். அன்று அதிகாரியின் மேசையில் அடித்து அழுதவள் சாரங்காதான். அதை எப்படி மறந்தேன் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காணொளி அழைப்பில், அந்தச் சமூகத்தின் சார்பில் லோரீன் என்ற பெண் வந்தாள். முடிவைக் கேட்டதும் கண்ணை மூடிச் சிரித்தாள். பல் எப்போது வரும் என்று கேட்டாள். கேட்காமல் மறுபடி துளைத்ததையும், திருப்பி அனுப்பப் பல்லில் எதுவும் மிச்சமில்லை என்பதையும் சாரங்கா சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

லோரீன் கோபப்படவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்போம் என்று மட்டும் சொன்னாள். பிறகு பக்கத்திலிருந்த சிறிய மரப்பெட்டியை எடுத்துத் திறந்து திரைக்கு அருகே பிடித்தாள். உள்ளே, சரியாக அந்தப் பல்லின் அளவுக்கு, ஒரு குழி செதுக்கியிருந்தது.