இடப்பக்கத்துத் திமிங்கலம்

அன்று முதலாவது டால்பின் கூட்டத்தைக் கண்டுபிடித்தது லேகல் இல்லை. தைச்சுங் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பல் வைத்தியரின் மனைவி.

"அதோ, அதோ, துள்ளுது!" என்று அந்த அம்மாள் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். படகே அந்தப் பக்கம் சாய்ந்தது. ரிபாய் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பேசுமுன் சுக்கான் அறைக் கண்ணாடி வழியே அண்ணன் லேகலைப் பார்த்தாள். அவன் நேர்முன்னால் பார்த்தபடி நின்றிருந்தான்.

ஷிதிபிங் துறையிலிருந்து திமிங்கலம் காட்டக் கிளம்பும் படகுகளில் லேகலின் படகுதான் முதலில் நிறையும். அவன் கண்ணுக்கு அப்படி ஒரு பேர். மற்றவர்கள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே "ரெண்டு மணி திசை, மூச்சு" என்று சொல்லிப் படகைத் திருப்பியிருப்பான். படகின் மூக்கு பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று, இடக்கைப் பக்கம் ஒன்பது. கடலில் அப்படித்தான் திசை சொல்வார்கள். லேகல் திசை சொன்னால் ரிபாய் மைக்கில் கதை சொல்வாள், அவள் புருஷன் ஹுசுங் கயிறும் நங்கூரமும் வாந்திப் பைகளும் பார்த்துக்கொள்வான். ஹுசுங் மலையிலிருந்து வந்து, இங்கத்திய வழக்கப்படி பெண் வீட்டோடு தங்கியவன்; வீடும் சொத்தும் இங்கே மகளுக்குத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நீச்சல் தெரியாது.

"என்ன மச்சான், இன்னிக்கு டிக்கெட் வாங்கினவங்கதான் மீன் புடிச்சுத் தரணும்போல" என்று அவன் சுக்கான் அறைக்குள் தலையை விட்டுக் கேட்டான்.

"போய் உன் கயித்தப் பாரு மாப்ள. மலையாடு கடலப் பத்திப் பேசக் கூடாது."

அக்டோபர் நடுவாகிவிட்டது. வடகிழக்குக் காற்று நிலைத்துவிட்டால் வசந்தம் வரை படகு இறங்காது. வெகுதூரத்தில் ஒரு புயல் ஜப்பான் பக்கம் திரும்பிப் போயிருந்தது. வானம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தப் புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் மெல்ல வந்துகொண்டிருந்தன. ஆழக் கடலில் அவை வெறும் மேடு பள்ளம். கரையில் வேறு கதை.

டால்பின்கள் போன பிறகு லேகல் இரண்டு முறை குரல் கொடுத்தான். ஒன்று மூன்று மணி திசை, இன்னொன்று ஒரு மணி. இரண்டுமே வலப்பக்கம். இடப்பக்கம் தெரிந்த சுறாத்துடுப்பை ஹுசுங்தான் காட்ட வேண்டியிருந்தது. லேகல் அடிக்கடி தலையை முழுசாகத் திருப்பினான், கொத்தப்போகும் கோழியைப் போல. கழுத்து பிடித்திருக்கிறது என்று ரிபாய் நினைத்துக்கொண்டாள். ஆனால் மனசு அதை ஏற்கவில்லை.

மதியத்துக்கு மேல் பல் வைத்தியர் எழுந்து நின்றார். "அங்க பாருங்க, புகை மாதிரி!"

பத்து மணி திசையில் ஒரு மூச்சு, முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சியது. கடலில் அப்படிக் கோணலாக மூச்சு விடுவது சதுரத்தலைத் திமிங்கலம் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"எங்க?" என்றான் லேகல்.

அண்ணன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை ரிபாய் கேட்டதே இல்லை.

"பத்து மணி அண்ணே" என்றாள், மைக்கை அணைத்துவிட்டு. அவன் திருப்பினான். கிட்டே போய் இயந்திரத்தை அடக்கி மிதக்க விட்டான். ஒரு பெண் திமிங்கலம், மரக்கட்டை மிதப்பதுபோல் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. படகில் கைதட்டல். பல் வைத்தியரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும். அலை ஏறுது, திரும்பலாம்" என்றான் லேகல். கியரைப் போட்டுச் சுக்கானை இடப்பக்கம் ஒடித்தான்.

ரிபாய் அப்போதுதான் பார்த்தாள். தாய் ஆழத்துக்கு இரை தேடிப் போகும்போது குட்டியை மேலேயே விட்டுவிட்டுப் போகும். அந்தக் குட்டி படகின் இடப்பக்கம், ஒரு கயிறு எறியும் தூரத்தில், சாம்பல் நிறத்தில் சுருங்கிய முதுகோடு மிதந்தது. படகு நேராக அதன் மேல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்து! குட்டி! ஒம்போது மணி!"

அவன் தேடினான். தேடியபடியே இன்னும் இடப்பக்கம் ஒடித்தான்.

ரிபாய் மைக்கைப் போட்டுவிட்டுச் சுக்கான் அறைக்குள் பாய்ந்து கியர்க் கம்பியை இழுத்தாள். இயந்திரம் விக்கிக்கொண்டு தளர்ந்தது. படகின் விலாவில் ஏதோ மெத்தென்று உரசிப் போனது. பிறகு காலடியில் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். கீழேயிருந்து யாரோ படகின் அடிப்பலகையைச் சுத்தியலால் தட்டுவதுபோல. அது மேலே வர வர நெருங்கி ஒலித்தது.

"என்ன அது?" என்று பல் வைத்தியர் கேட்டார்.

"அம்மா வர்றா, அது அவ எழுப்புற சத்தம்" என்றான் ஹுசுங். "எல்லாரும் உக்காருங்க. கம்பியப் புடிச்சுக்கங்க. யாரும் எந்திரிக்காதீங்க."

படகைவிட நீளமான உடம்பு ஒன்று இடப்பக்கத்தில் எழுந்தது. தண்ணீர் வழிந்து கொட்டியது. குட்டிக்கும் படகுக்கும் நடுவில் வந்து சுவர் மாதிரி கிடந்தது. அதன் மூச்சுக் காற்று மீன் வாடையோடு எல்லோர் முகத்திலும் அடித்தது. வால் ஒரு தரம் அசைந்தால் போதும். ரிபாய் கியர்க் கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, தாயும் குட்டியும் மெதுவாக விலகின. படகில் ஒருவர்கூடப் படம் எடுத்திருக்கவில்லை.

ரிபாய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில் கண்ணுல அடிச்சுது."

"வெயில் நம்ம பின்னால அடிக்குது." கையை அவன் இடது காதோரம் தூக்கிப் பிடித்தாள். "எத்தன விரல்?"

"எந்த விரல்?" என்றான் அவன்.

ரிபாய் கையை இறக்கினாள்.

"முந்தாநாள் மின்னல் மாதிரி வெட்டிச்சு" என்றான் லேகல், முன்னாலேயே பார்த்தபடி. "அப்புறம் கொசு பறக்கிற மாதிரி இருந்துச்சு. தூக்கமில்லாம இருக்கும்னு நெனச்சேன். காலையில எந்திரிச்சா இடது கண்ணுல ஒரு தெர இறங்கியிருக்கு. பாதிக்கு மேல இருட்டு."

"அதோடயா இத்தன பேர ஏத்திக்கிட்டு வந்த?"

"வலது கண்ணு நல்லாத்தான இருக்கு! ரெண்டு நாள்ல சீசன் முடியுது. முடிஞ்சதும் போய்க் காட்டலாம்னு இருந்தேன். இப்பவே காட்டினா உரிமத்தப் புடுங்கிடுவாங்க ரிபாய்."

ரேடியோ கரகரத்தது. கரையிலிருந்து கடற்காவல் ஆள் பேசினான். துறையின் வாயில் அலை உடைய ஆரம்பித்துவிட்டது, வெளியே இருப்பவர்கள் சீக்கிரம் உள்ளே வரவேண்டும்.

துறையின் வாய் என்பது ஒரு சந்து. வலப்பக்கம் கான்கிரீட் சுவர், இடப்பக்கம் பல்வரிசை மாதிரிக் கறுப்புப் பாறை. நடுவில் இரண்டு படகு ஒட்டி நின்றால் அடைத்துக்கொள்ளும். ரிபாய்க்கும் உரிமம் உண்டு. அமைதியான சாயங்காலங்களில் படகை உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். இப்படி ஒரு அலையில் இல்லை.

"வடக்க, ஹுவாலியன் துறைமுகத்துக்குப் போயிடலாமா?"

"டீசல் பத்தாது. நான் கொண்டுபோயிடுவேன். கண்ண மூடிக்கிட்டே போவேன், எனக்குத் தெரியாத வாயா?"

"கைய எடு அண்ணே."

"இது என் படகு."

"வீட்டுப் படகு. அம்மா பேர்ல இருக்கு. நாளைக்கு என் பேருக்கு வரும். எடு கைய."

அவன் எடுக்கவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஹுசுங் கதவைத் திறந்தான். வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். அவன் மச்சான் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதே கிடையாது.

"மச்சான், எனக்கு நீச்சல் தெரியாது, உங்களுக்கே தெரியும். சுக்கான் இவ கையில இருந்தா நான் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். உங்க கையில இருந்தா இப்பவே குதிச்சிடுறேன். பாறையில மோதிச் சாகிறதவிட அது மேல்."

லேகல் அவனை முறைத்தான். பிறகு சுக்கானை ரிபாயிடம் விட்டான். பின்பக்கம் திரும்பிக் கண்ணாடியோரமாக நின்று, ஒரு கையை ரிபாயின் தோளில் வைத்தான்.

"நீ முன்னாடி பாரு. பின்னாடி வர்றத நான் சொல்றேன்."

வாய்க்கு வெளியே படகை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். அலை ஒவ்வொன்றும் படகைத் தூக்கி, அடியில் நழுவிப் போய், சந்துக்குள் வெள்ளையாக வெடித்தது. ஹுசுங் எல்லோரையும் கீழே தரையில் உட்கார வைத்து லைஃப் ஜாக்கெட் பட்டிகளை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"கேப்டனம்மா, உள்ள போவோமா, இங்கேயே குடியிருப்போமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இது இல்ல" என்றான் லேகல். "இதுவும் இல்ல. பின்னாடி ஒரு பெருசு வருது. அது போகட்டும். நில்லு… நில்லு… இப்ப! போ!"

ரிபாய் கியர்க் கம்பியைத் தள்ளினாள். படகு பாய்ந்தது. சுவர் வலப்பக்கம் வேகமாக ஓடி வந்தது. இடப்பக்கம் பாறையில் நுரை வழிந்தது. பாதி வழி.

"ஏத்து! வேகம் ஏத்து! பின்னால ஒண்ணு எழும்புது!"

அவள் ஏற்றப் போனாள். அப்போது இடப்பக்கப் பாறையில் மோதித் திரும்பிய தண்ணீர், குறுக்கே ஒரு மேடாக எழுந்து முன்னால் வருவதைப் பார்த்தாள். அந்த வேகத்தில் அதில் ஏறினால் படகு கவிழும்.

"ஏத்துன்னு சொல்றேன்ல!"

அவள் கம்பியைப் பின்னால் இழுத்தாள். குறுக்கலை மூக்கடியில் போனது. பின்னால் வந்த அலை படகின் வாலைத் தூக்கி வலப்பக்கமாக எறிந்தது. கான்கிரீட்டில் இரும்புக் கம்பி கிழிந்த சத்தம் காதைப் பிளந்தது. யாரோ அலறினார்கள். ரிபாய் சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்து முழு விசையையும் கொடுத்தாள். படகு சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது.

பல் வைத்தியரின் மனைவிக்கு உதடு கிழிந்திருந்தது. வலப்பக்கக் கம்பி முழுக்கப் போயிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. கடற்காவல் ஆள் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்து, "என்ன லேகல், நீயா இப்படி மோதின?" என்று கேட்டான். லேகல் வாயைத் திறப்பதற்குள் ரிபாய் சொல்லிவிட்டாள்.

"அவர் ஓட்டல. நான்தான் ஓட்டினேன். அவருக்கு இடது கண்ணு தெரியல. காலையிலிருந்தே தெரியல. எங்க தப்பு."

பயணிகள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. லேகல் தங்கையைப் பார்த்தான். பிறகு கரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். ஹுவாலியன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், ஹுசுங்கின் டிரக்கில், ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

விழித்திரை கிழிந்து உரிந்திருக்கிறது என்றார் டாக்டர். அன்று இரவே அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்து, அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, நாள் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடக்கவேண்டும் என்றார்கள். பார்வை கொஞ்சம் வரும், பழையபடி வராது. உரிமம் பற்றி விசாரணை நடக்கும் என்று துறைமுகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

மூன்றாம் நாள் ரிபாய் கஞ்சியோடு போனாள். லேகல், கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்த, நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். முதுகோடு என்ன பேசுவது? அவள் அதற்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்தாள். மேலே ஓட்டைக்குள் அண்ணன் முகம், வீங்கிச் சிவந்து, ஒரு கண்ணில் கட்டோடு தொங்கியது.

"ஏன் அந்தக் கடற்காவல் ஆள்கிட்ட சொன்ன?" என்றான்.

"நீ சொல்லமாட்டேன்னு தெரியும்."

"வெத்தல பாக்கு வச்சிருக்கியா?"

"நர்ஸ் என்னைக் கொன்னுடுவா."

"அன்னிக்குத் துறை வாயில, நடுவுல, ஏத்துன்னு சொன்னேன். நீ கேக்கல."

"இடது பக்கம் ஒண்ணு குறுக்க வந்துது."

"பெருசா?"

"பெருசு."

அவன் நல்ல கண்ணை மூடிக்கொண்டான். உள்ளுக்குள் அந்தச் சந்தையும் அலையையும் போட்டுப் பார்க்கிறான் என்று ரிபாய்க்குத் தெரிந்தது. அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. எதுவென்று அவள் கேட்கவில்லை, துடைக்கவுமில்லை.

"நான் சொன்னபடி போயிருந்தா எல்லாரையும் கொன்னிருப்பேன்" என்றான்.

"ஆமா" என்றாள் ரிபாய். அதற்குமேல் இனிப்பு தடவ அவளுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. நர்ஸின் வெள்ளைச் செருப்பு கட்டிலருகே வந்து நின்றது. "என்னம்மா இது? தரையில படுத்துக்கிட்டு! எந்திரிங்க முதல்ல."

"இருக்கட்டும் நர்ஸம்மா" என்றான் லேகல் மேலிருந்து. "மூணு நாளா வெறும் டைல்ஸ பாத்துக்கிட்டு கெடக்கேன். அதுக்கு இவ மூஞ்சி கொஞ்சம் பரவாயில்ல."