உடம்புக்குள் ஐந்து பூதம்

வல்லம் அருகே தான் போன பஸ் கவிழ்ந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் பச்சைமுத்து பஸ் ஏறுவதே இல்லை. ஹாரன் கேட்டாலே உடம்பு உதறும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஊசி குத்திச் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நடத்தியே இழுத்துப்போனேன்.

டாக்டர் நாடி பிடித்தார். "பயம் கிட்னியில இருக்குது. அது நீர் பூதம். நீர், மரம், நெருப்பு, மண், உலோகம்னு உங்க உடம்புல அஞ்சு பூதம். பருவத்துக்கு ஒண்ணு தலைதூக்கும்."

"அஞ்சா?" என்ற என் வீட்டுக்காரர், கழற்றிய சட்டையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய், நகர்ந்துகொண்டிருந்த திண்டிவனம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

கையில் ஊசியோடு டாக்டர் சிரித்தார். "பாத்தீங்களாம்மா, பஸ் பயம் போயிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போவட்டும். அந்த அஞ்சையும் கூட்டிக்கினு வூட்டுக்குத்தானே வருவாரு? வருசம் பூரா ஆறு பேருக்கு எவ சோறாக்கறது?"