மூடிமேல் வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள், செங்கம் ரோட்டு விடுதியில் அப்பா தள்ளிக்கொண்டு போன பெட்ரோல் புல்வெட்டும் மெஷின் பத்தே நிமிஷத்தில் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் நின்றது.

"சாயந்திரத்துக்குள்ள ஓடலைன்னா வேற தோட்டக்காரனைப் பாத்துக்கறேன் வேணு," என்றார் மேனேஜர்.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. அந்த மூடியின் நடுவில் காற்று உள்ளே போக ஒரு சின்ன ஓட்டை உண்டு; காற்றுப் போனால்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்கும். அதன்மேல்தான் நேற்று நான் சந்தனப் பொட்டு வைத்திருந்தேன். காய்ந்து அடைத்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்து, அப்பா பார்க்கவே சுரண்டிவிட்டேன்.

மெஷின் நிற்காமல் புல் முழுவதையும் வெட்டியது.

"அடுத்த வருசம் கைப்பிடிக்குப் பொட்டு வை கண்ணு," என்று அப்பா சிரித்தார்.